சல்லிசார் கண்டுபிடித்த படகு

வெளிநாடு போகிற மனிதர்களில் இரண்டு இனம் உண்டு. காசைக் கொடுத்து ஊரைப் பார்க்கிறவர்கள் ஒன்று. ஊரைக் கொடுத்துக் காசைப் பார்க்கிறவர்கள் மற்றொன்று. முதல் இனத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போவார்கள், பார்ப்பார்கள், வந்து சேர்ந்து பேசாமல் வேலைக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது இனம்தான் பேசும். பேசுவதற்காகவே போகும்.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பல் டாக்டர் வீட்டில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் பக்கம் திரும்பி, விமான டிக்கெட்டைச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் எடுக்க வேண்டும், மூன்று சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டால் பெட்டிக்குப் பணம் கட்ட வேண்டாம், நாலாவது சட்டையின் கையைக் கட்டிப் பையாக்கி, இட்லித்தட்டு மாதிரி அடுக்கினால் அதற்குள் சோப்பு, சீப்பு, செருப்பு எல்லாம் அடங்கும், படம் போட்ட மெனு கார்டு வைத்திருக்கிற ஓட்டலுக்குள் கால் வைக்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டே போகிறாரா? நீங்கள் எங்கேயும் போவதாகச் சொல்லவில்லை. வாயையே திறக்க முடியாது. அதனால்தான் அவர் உங்களைத் தேர்ந்தெடுத்தார்.

எங்கள் குடும்பத்துக்குக் கடவுள் கொடுத்த இந்த இனத்து மனிதர், என் அக்கா வீட்டுக்காரர். தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை. அதனால் உலகத்தில் எது ஓடினாலும் அவருக்கு மீட்டர் ஓடுவதாகவே தெரியும். மலிவு என்று சொல்லாமல் சல்லிசு என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வதால் ஆபீஸில் அவருக்குச் சல்லிசார் என்று பெயர் விழுந்தது. அவரும் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். கடைசியில் சார் இருக்கிறதே.

நல்ல மனிதர். பொய் சொல்ல மாட்டார், பிறர் மனம் நோகப் பேச மாட்டார். சாமி கும்பிடும்போதுகூடச் சின்னச் சின்னதாகத்தான் கேட்பார். பெரிதாகக் கேட்டால் கடவுளுக்குச் செலவாகுமே என்ற நல்லெண்ணம்தான்.

அவருக்கு வாயில் வரக்கூடிய ஒரே கெட்ட வார்த்தை டூரிஸ்ட். "நாம டூரிஸ்ட் இல்ல, டிராவலர்" என்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் கேட்டேன். டூரிஸ்ட் என்பவன் ஊர் காட்டுவதைப் பார்ப்பான், டிராவலர் என்பவன் ஊர் மறைப்பதைக் கண்டுபிடிப்பான் என்று விளக்கினார். ஊர் ஏன் மறைக்கிறது என்று யோசிக்க வேண்டாமா? அதை அவர் யோசித்ததில்லை.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. இருபத்தாறு வருஷம் மடித்த கை. நாலு முனையும் ஒன்றோடு ஒன்று பொருந்தாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அவள் தன் வாழ்நாளில் தனக்கென்று அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு ஏரியின் பெயரைச் சொல்லி, "அதுல ஒரு தடவை படகுல போகணுங்க" என்றாள். அவரும் "பாத்துக்கலாம்" என்றார்.

பாத்துக்கலாம் என்ற சொல் உங்கள் வீட்டிலும் வழங்கும். 'மாட்டேன்' என்பதைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தால் கிடைக்கிற சொல் அது. ஆனால் அக்கா நம்பினாள்.

கிளம்பினோம். நான் எதற்கு என்கிறீர்களா? மூன்று கட்டில் போட்ட அறை இரண்டு கட்டில் அறையைவிட ஒரு ஆளுக்குச் சல்லிசாக விழுந்தது. மூன்றாவது கட்டிலுக்கு ஆள் வேண்டியிருந்தது. போகிற வழியில் இன்னொரு நாட்டையும் இலவசமாகப் பார்த்தோம். அதாவது அந்த நாட்டு விமான நிலையத்தின் கம்பளத்தைப் பதினொரு மணி நேரம் பார்த்தோம்.

தங்கின இடம் ஏரிக்கரையில், ஒரு சலவைக் கடையின் மாடி. ஒரு வாரத்துக்கு எடுத்தால் ஆறு நாள் வாடகையைவிடக் குறைவு என்பதால் ஏழு ராத்திரிக்கும் முன்கூட்டியே கட்டிவிட்டார். கடைக்கார அம்மாவுக்கு நம் பாஷை தெரியாது, நமக்கு அவள் பாஷை தெரியாது. சல்லிசாரின் கைப்போனில் ஒரு ஏற்பாடு இருந்தது. இந்தப் பக்கம் நாம் பேசினால் அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் அவர்கள் பாஷையில் சொல்லும், அவர்கள் பேசினால் நம் பாஷையில் சொல்லும். ஆனால் அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. முதல் நாளே கீழே இறங்கிப் போய், அந்த அம்மா ஒற்றை ஆளாக விரிப்பை மடிக்கத் திணறுவதைப் பார்த்து எதிர் முனையைப் பிடித்தாள். நாலு முனையும் பொருந்தியது. அதற்கப்புறம் தினமும் காலையில் ஒரு மணி நேரம், பேச்சில்லாமல் இரண்டு பேரும் மடித்தார்கள்.

எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் ஏரி. அரை மணிக்கு ஒரு வெள்ளைப் படகு அக்கரைக்குப் போகும். பச்சைக் கதவு வைத்த டிக்கெட் கூண்டு எதிரிலேயே. அக்கா முதல் நாள் கேட்டாள். பாத்துக்கலாம். இரண்டாம் நாள் கேட்டாள். படகில் போகிறவர்கள் எல்லாம் டூரிஸ்டுகள் என்றார். மூன்றாம் நாள் எங்களை ஒரு மீன் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் நிற்க வைத்து, யாருக்கும் தெரியாத இடம் என்று காட்டினார். படகு போவது நன்றாகத்தான் தெரிந்தது.

"ஏங்க, இதுல ஏறணும்னுதானே சொன்னேன்."

"யோசிச்சுப் பாரும்மா. படகுல ஏறி உக்காந்துட்டா படகு எப்படித் தெரியும்?"

அக்கா சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்கினாள். நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டுக்கு இடம் தேடினோம். சல்லிசாரின் சட்டம், உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிற இடத்தில் நாமும் நிற்க வேண்டும் என்பது. ஒரு சந்துக்குள் நீள வரிசை. நின்றோம். எல்லார் கையிலும் ஒரு நாய். பாருங்கள், குடும்பத்தோடு மட்டுமில்லை, நாயோடு வந்து சாப்பிடுகிற இடம், எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும் என்று சல்லிசார் உருகினார். முக்கால் மணி நேரம் நின்று உள்ளே போனால், வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் கையில் ஊசியோடு எங்களைப் பார்த்தார். எங்கள் காலடியில் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு மறுபடியும் எங்களையே பார்த்தார். மூன்று பேரில் யார் என்று அவர் தீர்மானிப்பதற்குள் வெளியே வந்துவிட்டோம்.

இனிமேல்தான் விஷயமே. எட்டாம் நாள் காலையில் விமானம். விமான நிலையம் ஏரிக்கு அக்கரையில். அக்கரையில் ஒரு விடுதி, ஒரு ராத்திரி தங்கினால் விமான நிலையத்துக்கு இலவச வண்டி விடுகிறது என்று சல்லிசார் கண்டுபிடித்தார். ஆகவே ஏழாம் நாள் காலையிலேயே கிளம்புவது என்று முடிவு. படகில் போனால் இருபது நிமிஷம். அக்காவின் முகம் மலர்ந்தது. ஆனால் சல்லிசார் இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தார். ஏரியைச் சுற்றிக்கொண்டு மூன்று பஸ் மாறினால் படகுக் கூலியில் பாதிதான். நேரம் மட்டும் ஐந்து மணி.

முதுகில் ஆளுக்கு ஒரு துணிப்பையோடு இறங்கினோம். வந்த நாள் முதல் எங்கே போனாலும் அந்தப் பையோடுதான் போனோம், அறைப் பெட்டகத்துக்குத் தனி வாடகை என்பதால். அதனால் கடைக்கார அம்மாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சல்லிசார் போனை நீட்டி, போறோம் என்று சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போறோம்னு சொல்லாதீங்க. நல்ல மனுஷி. போயிட்டு வர்றோம்னு சொல்லுங்க."

நியாயம்தானே? நீங்களானால் வேறு எப்படிச் சொல்வீர்கள்? அப்படியே சொன்னார். போன் அப்படியே சொன்னது. அந்த அம்மா சந்தோஷமாக ஏதோ கேட்டாள். மதியம் சாப்பிட வருவீர்களா என்றது போன். அந்த அன்பில் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சல்லிசாரும் நெகிழ்ந்துபோய், "வராம எங்கம்மா போகப்போறோம்" என்றார். அதையும் போன் சொன்னது. சத்தமாகவே சொன்னது.

முதல் பஸ் சரியாக வந்தது. இரண்டாவது பஸ் தாமதமாக வந்து, ஏரியின் கோடியில் ஒரு பழைய படகுத் துறையில் இறக்கிவிட்டுப் போனது. மூன்றாவது பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. அன்றைக்கு என்ன கிழமை என்று நான் சொல்லவும் வேண்டுமா? உடைந்த பலகை மேல் உட்கார்ந்தோம். மணி மூன்றாயிற்று, நாலாயிற்று.

சல்லிசார் நாலு பக்கமும் பார்த்தார். முகத்தில் மெதுவாக ஒரு ஒளி வந்தது. "பாத்தியா, ஒரு டூரிஸ்ட் இல்ல" என்றார். டூரிஸ்ட் என்ன, அந்த ஊர்க்காரனே ஒருவன் இல்லை. காக்கைகூட யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது.

அக்கா தண்ணீரைப் பார்த்தபடியே, அவரைத் திட்டாமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நாளைக்குப் பிளைட்டு. நான் இதுல ஏறாமத்தான் ஊருக்கு வரப்போறேன். பரவால்ல. தெரிஞ்சிருந்தா கேட்டே இருக்க மாட்டேன்."

சல்லிசார் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பாத்துக்கலாம் என்று சொல்ல இனி நாள் இல்லை. அவர் கையைப் பிசைந்ததை அன்றுதான் பார்த்தேன். நான் மனதுக்குள், கடவுளே, இந்த மனிதரையும் மன்னித்து, இவளுக்கும் ஒரு வழி காட்டு என்று கேட்டேன். இரண்டில் எது செலவு குறைவோ அதையாவது செய் என்றும் சேர்த்துக்கொண்டேன். பழக்க தோஷம்.

அப்போது ஏரியின் நடுவில் ஊ என்று ஒரு சத்தம். தலையில் விளக்குச் சுழல ஒரு வெள்ளைப் படகு எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்ட நாலு பேர். ஒருவர் ஒலிபெருக்கிக் குழாயில் எதையோ கத்தினார். சல்லிசாரின் போன் தானாகவே தமிழில் சொன்னது: "காணாமல் போன மூன்று வெளிநாட்டினரே, பயப்பட வேண்டாம். தயவுசெய்து தண்ணீரில் குதிக்க வேண்டாம்."

படகின் நடுவில், மூன்று போர்வையை நாலு முனையும் பொருந்த மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, சலவைக்கடை அம்மா நின்றாள். மதியம் சாப்பிட வருகிறோம் என்றவர்கள் வரவில்லை. ஒரு மணி வரை பார்த்தாள், இரண்டு மணி வரை பார்த்தாள். ஏரியை எந்நேரமும் ஏக்கத்தோடு பார்க்கிற ஒரு பெண் அந்த மூவரில் இருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் ஏரிக் காவலரிடம் சொல்லிவிட்டாள். கரையில் குதித்து இறங்கி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆரஞ்சுச் சட்டை அதிகாரி நோட்டைத் திறந்தார். போன் நடுவில் நின்று கேள்வியும் பதிலும் சொன்னது. திரும்பி வருவதாகச் சொன்னீர்களா? சொன்னோம். திரும்பி வருவதாக இருந்தீர்களா? இல்லை. அப்படியானால் ஏன் சொன்னீர்கள்?

"சார், கிளம்பும்போது போறேன்னு சொல்லக் கூடாது சார். வர்றேன்னுதான் சொல்லணும்."

எந்த இடத்திலிருந்து கிளம்பினாலுமா என்று கேட்டார் அதிகாரி. ஆமாம் என்றார் சல்லிசார். உங்கள் ஊரில் எல்லாரும் எல்லா இடத்துக்கும் திரும்பி வருவார்களா?

"சாமி சத்தியமா யாரும் வர்றதில்ல சார்."

அதிகாரி ஒன்றும் எழுதாமல் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். காணாமல் போனவர்களைக் காணாமல் போன இடத்திலேயே ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டமாம். ஏறச் சொன்னார்.

சல்லிசார் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டு, மற்றக் காலைக் கரையிலேயே வைத்துக்கொண்டு, இதற்கு டிக்கெட் உண்டா என்று கேட்டார். இல்லை என்றது போன். மற்றக் கால் தானாக வந்துவிட்டது.

அக்காவை முன்னால் உட்கார வைத்தார்கள். போர்வையைச் சுற்றினார்கள். விளக்கைச் சுழலவிட்டுப் படகு பறந்தது. இரு பக்கமும் தண்ணீர் பிளந்து எழுந்தது. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதைப் பார்த்து அதிகாரி பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று கேட்டு, போனை அவள் வாய்க்குக் கிட்டே நீட்டினார். வாழ்நாளில் அவள் தனக்கென்று கேட்ட இரண்டாவது காரியம் அதுதான்.

"கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க."

ஊ சத்தத்தை நிறுத்தினார்கள். படகு நகர்ந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த உல்லாசப் படகுகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. அவற்றிலிருந்த டூரிஸ்டுகள் எங்களைப் படம் பிடித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. சல்லிசார் ஏரியைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் மெல்லக் குனிந்து, இவ்வளவு பிடிக்கும் என்று அவள் சொல்லவே இல்லையே என்றார். நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா.

மறுநாள் சலவைக்கடை வண்டியிலேயே, அழுக்குத் துணி மூட்டைகளின் நடுவில் விமான நிலையத்துக்குப் போனோம். விடைபெறும்போது அக்காவுக்குப் போறோம் என்ற சொல் வாயில் வரவில்லை, போயிட்டு வர்றோம் என்று சொல்லப் பயம். சல்லிசார்தான் கடைசியில் இரண்டு கையையும் விரித்து, விமானம் மாதிரி கடையைச் சுற்றி ஒரு சுற்று ஓடிக் காட்டினார்.

இந்த மனிதர் இனிமேல் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? போன வாரம் பல் டாக்டர் வீட்டில், கன்னம் வீங்கிய ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த ஏரிக்குப் போனா படகுக்கு டிக்கெட் எடுக்காதீங்க. காலைல கிளம்பும்போது போயிட்டு வர்றோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சாயங்காலம் படகு தானா வரும். போர்வையும் தருவாங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, அந்தப் போர்வையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களா, இல்லை நம்மிடமே விட்டுவிடுவார்களா என்று ஒரு கணம் உங்களுக்குத் தோன்றவில்லை? தோன்றியிருந்தால், வாருங்கள் சார், பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.