மேல் பல் இல்லாத மாடு

மேலக்காவனூர்
19-2-1973

கொரடாச்சேரியில் பேத்தி எடுத்த பெருமையோடு இருக்கும் அக்கா கமலாம்பாளுக்கு, தம்பி குஞ்சிதபாதம் இருந்த இடத்திலிருந்தே காலைத் தொட்டு எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் சம்சாரமும் நலம். நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

காரணத்தை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எப்படியும் எவனாவது பஸ் ஏறி வந்து உன்னிடம் சொல்லத்தான் போகிறான். நேற்று மாட்டுச் சந்தையில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், ஒரு பசுவின் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, வயது தெரியாமலிருக்க மேல் பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கிழட்டு மாட்டை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று தரகரைப் பார்த்துக் கத்திவிட்டேன். நம் அப்பா பன்னிரண்டு ஏர் கட்டியவர். அவர் பெற்ற பிள்ளைக்கு ஐம்பத்தொரு வயதாகியும் மாட்டுக்கு மேல் வரிசையில் முன்பல்லே கிடையாது என்று தெரியவில்லை.

"அய்யா, உங்க வீட்டு மாட்டுக்கும் கிடையாதுங்க. போயிப் பாருங்க" என்றார் தரகர் கலந்தர் பாய், ரொம்ப மரியாதையாக. பக்கத்தில் கயிறும் மணியும் விற்கிற நூர்ஜஹான் அம்மாள் சிரித்த சிரிப்பில் மணி கோத்த கம்பே ஆடியது. "பாவம், அய்யா மாட்டைத் தயிராத்தானே பாத்திருப்பாங்க" என்று அந்த அம்மாள் வேறு சொன்னார். உண்மையும் அதுதானே.

நான் ஏன் போனேன் என்று கேட்பாய். பேத்தி டின் பாலைக் கக்குகிறது, பிள்ளை நாளுக்கு நாள் இளைக்கிறது, சாதுவான கறவை மாடு ஒன்று இந்த வாரத்துக்குள் வேண்டும் என்று எழுதியது நீதான். முன்பென்றால் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். இப்போது நம் வாசலுக்குக் கோர்ட்டு அமீனாவைத் தவிர யாரும் வருவதில்லை. அதனால் ஜரிகைத் துண்டைப் போட்டுக்கொண்டு நானே கிளம்பிப் போய் இந்தக் கூத்தை அடித்தேன்.

இந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது யார் என்கிறாய்? நம் ரெத்தினம்! நம் வாய்க்கால்கரை நாலு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர். (தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் சாகுபடிதாரர் என்று பெயர் ஏறிவிட்டதால் 'அவர்' என்றுதான் எழுத வேண்டுமாம், வக்கீல் குமாஸ்தா சொல்கிறார்.) அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி நான் போட்ட வழக்கு இரண்டு வருஷமாக நடக்கிறது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. நேற்றும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்துத்தான் பேசினார். நானும் விட்டேனா, மாட்டிடமே பதில் சொன்னேன். யாருக்குப் பால் என்று மாட்டைக் கேட்டார். அக்கா பேத்திக்கு, பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறது என்று மாட்டுக்குத் தெரிவித்தேன். மாடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

மாட்டின் முதுகைத் தடவிக் கொடுத்தவர், குந்தி உட்கார்ந்து இரண்டு பீச்சு பீச்சிக் காட்டினார். மாடு காலைக்கூடத் தூக்கவில்லை. திரும்பி அவர் தோளை நக்கிக் கொடுத்தது. நல்ல மனிதர்களை வாயில்லா ஜீவன் எப்படித்தான் கண்டுகொள்கிறதோ!

"பச்சைப் புள்ளைக்குன்னா இதையே வாங்கிக்கச் சொல்லுங்க பாய். நாலு காம்பும் சுத்தம், உதைக்காது" என்றார்.

உடனே கலந்தர் பாய் என் ஜரிகைத் துண்டை இழுத்து என் கையின் மேல் போட்டு, அதற்கடியில் என் நாலு விரலைப் பிடித்தார். பட்ட அவமானத்துக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன் அக்கா. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நானும் அவருடைய ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். சந்தையில் துண்டுக்கடியில்தான் விலை பேசுவார்களாம், விரலுக்கு நூறாம். நானூறு கேட்டவருக்கு ஐந்நூறு கொடுத்த முதல் மகானுபாவன் நான்தான் என்று நூர்ஜஹான் அம்மாள் ஊருக்கே அறிவித்தார்.

பேசி முடித்தது முடித்ததுதான், கை பிடித்த பிறகு சந்தையில் மறுபேச்சு கிடையாதாம். ஆனால் ரெத்தினம்தான், "பாய், அந்த ஒரு விரலை விட்டுருங்க. அவங்களுக்குத் தெரியாது" என்றார். பாயும் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டார். மாட்டுக்காரர் யாரோ, சந்தை வழக்கப்படி கயிற்றைத் தரகரிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் எங்கோ நின்றிருப்பார். அந்தப் புண்ணியவானும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அவ்வளவு சிரித்த நூர்ஜஹான் அம்மாளும், குழந்தைக்கு என்று சொல்லி, மாட்டோடு நின்ற கன்றின் கழுத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

உலகத்தில் இத்தனை நல்லவர்களா என்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வழக்கை வாபஸ் வாங்கிவிட்டால்தான் என்ன என்றுகூட ஒரு நாழிகை தோன்றியது. இதை அத்தானிடம் சொல்லாதே, சிரிப்பார். மாடும் கன்றும் புதன்கிழமை காலை உன் வீட்டுக்கு வந்து சேரும். பேத்தி வயிறு நிறையக் குடித்து, என்னைப் போலில்லாமல் மாட்டுக்கு எத்தனை பல் என்று தெரிந்து வளர வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

அன்புள்ள தம்பி,
குஞ்சிதபாதம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது கலந்தர் பாய் சந்தை ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் விற்றவர் பெயர் ரெத்தினம் என்று போட்டிருக்கிறது. வீட்டில் இருந்த ஒரே மாடாம். வியாழக்கிழமை வாய்தாவுக்கு நல்ல வக்கீலாக வைக்க வேண்டும் என்று விற்றாராம். அன்றைக்கு என்னை எதிர்த்துப் பேசப்போகிறவருக்கு நான்தான் ஃபீஸ் கட்டியிருக்கிறேன்.