ஒழுகும் மாடியறையைப் பார்க்க வந்த முதலீட்டாளர்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்பளவில் சுகம். மனசைப் பற்றி மட்டும் விசாரிக்காதே. மாப்பிள்ளையின் முழங்கால் வலி தேவலையா என்று எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே திட்ட ஆரம்பிப்பாய், நானும் மீதியைச் சொல்லாமல் வைத்துவிடுவேன். கடிதமென்றால் கடைசிவரை படித்துவிட்டுத்தானே திட்ட முடியும்.

விஷயம் இதுதான். உன் மகளின் கம்பெனியை நான் கெடுத்துவிட்டேன்.

அவள் நடத்துவது என்னவென்று உனக்குத் தெரியும். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள், அந்த வீட்டில் என்னென்ன கோளாறு என்று இணையத்தில் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர் படித்துவிட்டுக் குடிவரலாம். காலமெல்லாம் வீட்டுத் தரகு செய்து சாப்பிட்டவன் வீட்டு மாடியிலேயே உட்கார்ந்து இப்படி ஒன்றை நடத்துகிறாளே என்று உன் அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். நல்ல வேலையை விட்டுவிட்டு வந்த பெண். கூட ஒரே ஒரு கூட்டாளி, அவளோடு படித்தவன், புரோகிராம் எழுதுகிறவன், வாயைத் திறக்கவே மாட்டான். நான் ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் போட்ட காசு கரைந்துவிட்டது. போன வாரம் சாப்பிடும்போது சொன்னாள், "இந்தத் தடவையும் யாரும் முதலீடு பண்ணலைன்னா மூடிட்டு அம்மாகிட்டப் போயிடறேன் மாமா." அவள் வந்த பிறகுதான் இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்கிறது.

ஒரு அம்மாள் பார்க்க வருகிறார் என்றாள். ஏஞ்சல் முதலீட்டாளராம். கம்பெனி தவழ்கிற பருவத்திலேயே சொந்தப் பணத்தைப் போட்டுப் பங்கு வாங்கிக்கொள்கிறவர்களுக்கு அப்படிப் பேராம். என்னத்தைப் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "முதல்ல ஆளைத்தான் பார்ப்பாங்க மாமா. நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறோமா, நெஜமாவே யாராவது இதைப் பயன்படுத்தறாங்களா, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றோமா, அதான்" என்றாள். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒருத்தர் இடத்தைப் பார்க்க வருகிறார் என்று காதில் விழுந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது என்பது உனக்கே தெரியும். இடத்தைக் காட்டுவது எப்படியென்று எனக்கா தெரியாது? காலி வீடாகத் தெரியக்கூடாது. சுவரில் ஈரமிருந்தால் காலண்டர் மாட்ட வேண்டும். பார்ட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டிக்கு இன்னொரு ஆள் வந்து பார்க்க வேண்டும். இப்படித்தான் பாதி ஊரைக் குடிவைத்தேன்.

ஆகவே அந்தம்மாள் வருகிற அன்றைக்கு, எதிர்வீட்டு நூலகரையும் அவர் சம்சாரத்தையும் மாடியில் ஆளுக்கொரு கீபோர்டைக் கொடுத்து உட்காரவைத்தேன். மழைக்கு ஒழுகும் மூலையில் பெரிய காலண்டரை மாட்டினேன். போட்டி முதலீட்டாளராக என் நண்பர் பல் டாக்டரைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். "நல்லா இருக்கு, நானே எடுத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னால் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். உன் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

அந்தம்மாள் வந்ததும் நேரே நூலகரிடம் போய், "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். மனுஷன் ஒரு பொய் சொல்லக்கூடாதா? "தெரியலைங்க, கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னாரு" என்று என்னைக் கைகாட்டிவிட்டார். கீபோர்டின் ஒயர் எதிலும் சொருகாமல் மேஜைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். உன் மகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பிறகு அந்தம்மாள் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "ஊரே பயன்படுத்துதும்மா" என்றேன். அவள் உடனே, "மாமா சொல்றது தப்புங்க. கொஞ்சம் பேர்தான். வந்தவங்க திரும்ப வர்றதும் கம்மி. வீடு மாத்தறது எப்பவோ ஒரு தடவைதானே, அதுக்கு இன்னும் வழி தெரியலை" என்று போட்டு உடைத்துவிட்டாள். நான் இருமினேன், கனைத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. ஊமைக்கோட்டான்கூட அன்றைக்கென்று வாயைத் திறந்து, "போன மாசம் சர்வர் படுத்துடுச்சு, என் தப்புதான்" என்கிறான். விளங்குமா?

அந்த நேரத்தில்தான் பல் டாக்டர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். இன்னொரு முதலீட்டாளர் என்று நான் அறிமுகப்படுத்தியதும் அந்தம்மாள் மரியாதையாக, "நீங்க முதல்ல எதைப் பார்ப்பீங்க?" என்றார். சொல்லிக்கொடுத்தது அத்தனையும் மறந்துபோய், டாக்டர் தன் ஆயுசு முழுக்கச் சொன்ன பதிலையே சொன்னார். "முதல்ல ஈறைத்தான் பார்ப்பேன். ஈறு கெட்டியா இருந்தா மத்ததைச் சரி பண்ணிக்கலாம்." அந்தம்மாள் கொஞ்சம் யோசித்து, "நானும் அதைத்தாங்க பார்க்கறேன்" என்றார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். டாக்டர் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்தார். காலண்டர் ஆணியோடு கழன்று, பின்னாலிருந்த ஈரச் சுண்ணாம்பும் அவர் கோட்டின் மேலேயே உதிர்ந்தது.

அதற்கு மேல்தான் வினை. அந்தம்மாள் தன் போனை எடுத்து, உன் மகளின் தளத்திலேயே நம் தெருவைத் தேடி, சத்தமாகப் படித்தார். "மாடியறை மழைக்கு ஒழுகும். வீட்டுக்காரர் காலண்டர் மாட்டி மறைப்பார். கதவைத் தட்டாமல் உள்ளே வருவார். ஆனால் நல்ல மனிதர்." யார் எழுதியது என்று கேட்டார். "நான்தான். தளத்துல எழுதின முதல் வீடே இதுதான்" என்றாள் உன் மகள், தலை குனியாமல். அந்தம்மாள் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

உன் மகள் காலண்டரைச் சுருட்டி என் கையில் கொடுத்து, "கீழேயே வெச்சுக்கங்க மாமா" என்றாள், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து இறங்கி வருகிறாள், சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவிவிட்டு ஏறிப்போகிறாள். அந்தக் குழந்தையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று எனக்கு ஆறவே இல்லை. அவள் பெட்டியோடு உன் வாசலில் வந்து நின்றால் ஏன் என்று கேட்காதே. திட்டெல்லாம் எனக்கே அனுப்பு. இனி அவள் விஷயத்தில் தலையிட மாட்டேன், மாடிப்படி ஏற மாட்டேன், எவருக்கும் எந்த இடத்தையும் காட்ட மாட்டேன். இது உன்மேல் ஆணை.

நீயும் மாப்பிள்ளையும் ஒழுகாத கூரையின் கீழ் நெடுங்காலம் நன்றாயிருக்க வேண்டும். உன் அண்ணியும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
முகத்தைக் காட்ட வெட்கப்படும் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் மகள் ஓடி வந்தாள். அந்தம்மாள் பணம் போடச் சம்மதித்துவிட்டாராம். சொந்த மாமா வீட்டைப் பற்றியே உள்ளதை எழுதினவள் தன்னிடம் எதை மறைக்கப் போகிறாள் என்றாராம். ஈறு டாக்டரின் நம்பரையும் கேட்டாராம். ஆட்களைச் சேர்க்க வேண்டியிருப்பதால் வேறு இடத்துக்கு மாறச் சொல்லியிருக்கிறார். "நீங்கதான் இடம் பார்த்துத் தரணும் மாமா" என்றாள். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்த பிறகுதான், மாடி காலியாகிவிடுமே என்று உறைத்தது. அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஓர் இடம் பார்த்துவிட்டேன். அதன் குறைகளையெல்லாம் நானே அவள் தளத்தில் எழுதியும் வைத்துவிட்டேன்: குழாயில் தண்ணீர் சன்னமாக வரும், பின்கதவு இறுக்கம், படி செங்குத்து. நம் வீட்டு மாடியில் நின்றால் அந்த இடத்து ஜன்னல் நன்றாகத் தெரியும் என்பதை மட்டும் எழுதவில்லை. நீயும் சொல்லிவிடாதே.