முகவர்கள் முன்னிலையில் திறக்கப்பட்ட பீரோ

விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. விதியில் இல்லாத எதுவும் நடக்காது என்று நம்பிவிடுவார்கள். கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூட பீரோவின் முன்னால்தான் அது குணமானது. (முழுதாக இல்லை என்பார் என் கணவர்.)

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, அதற்குப் பணி ஓய்வு கொடுத்து மனதுக்குள் ஆணையே போட்டுவிட்டேன். சம்பந்தப்பட்ட தரப்பிடம் ஒப்புதல் வாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளியில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக என்னைப் போட்டார்கள். கைப்பையில் தைலம், தலைவலி மாத்திரை, மூக்குக் கண்ணாடி இரண்டு, பேனா நான்கு. சேலைக்குத்தான் நிறைய யோசித்தேன். எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத நிறமாக இருக்க வேண்டும் அல்லவா? பீரோவைக் குடைந்து வெளிர் சந்தன நிறத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். நடுநிலைமையை இடுப்பில் சுற்றிக்கொண்டு மலையேறிய முதல் அலுவலர் நானாகத்தான் இருப்பேன்.

வாக்குச்சாவடியாக இருந்த வகுப்பறையில், என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ நின்றது. ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு முன்பே அதன் இரண்டு கதவையும் சேர்த்துக் காகிதம் ஒட்டி, அரக்கு வைத்து, கட்சிகளின் முகவர்களிடம் கையெழுத்தும் வாங்கினேன். உடனிருந்த மூன்று அலுவலர்களும் ஆண்கள். அதில் ஒருவர், பள்ளி ஆசிரியர், மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"மேடம், பீரோவுக்கெல்லாம் சீல் வைக்கணும்னு ரூல்ஸ்ல இல்லீங்க."

"இல்லைன்னாலும் வைக்கலாம் சார்."

முகவர் குப்புசாமி, வயசானவர், வெற்றிலைப் பொட்டலத்தோடு வந்திருந்தார். அதையும் பிரித்துக் காட்டச் சொன்னேன். "வெத்திலைல இன்னாம்மா இருக்கப்போவுது?" என்று முணுமுணுத்துக்கொண்டே காட்டினார்.

மணி ஒன்பதரை. வரிசை வாசலைத் தாண்டி நீண்டிருந்தது. அடிவயிற்றில் ஒரு பிடி. வாயு என்று முடிவு செய்தேன். பத்து மணிக்கு இடுப்பிலும் வலி. மலைப்பாதைக் குலுக்கல் என்றேன். பத்தேகாலுக்கு வேறு விளக்கம் எதுவும் மிச்சமில்லை.

எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளிர் சந்தன நிறம். பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே முப்பது வாக்காளர்கள், பக்கத்தில் இரண்டு முகவர்கள், வாசலில் போலீஸ். கழிவறை மைதானத்தின் அந்தக் கோடியில்.

மேசைக்கடியில் இருந்த தேர்தல் பொருள் பையைக் காலால் இழுத்துத் துழாவினேன். அரக்கு, நூல், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிளேடு, குண்டூசி, மை பாட்டிலை வைக்க ஒரு கிண்ணம். ஒரு ஜனநாயகத்தை நடத்தத் தேவையானது அத்தனையும் இருந்தது. கடைசியாக ஒரு துணி கிடைத்தது. மை துடைக்கக் கொடுத்தது, கைக்குட்டையில் பாதி.

பிறகு ஒரு மணி நேரம் நான் அசையவில்லை. யாராவது கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்பினேன். இருமல் வந்தபோது அடக்கிக்கொண்டேன். நாளைக்கு மலை முழுக்க என்ன பேசுவார்கள், அலுவலகத்தில் யார் யார் சிரிப்பார்கள் என்று பட்டியலும் தயாராகிவிட்டது.

பதினொன்றே காலுக்கு, எங்களுக்குச் சமையல் செய்த சத்துணவு ஊழியர் மேரி டீ கொண்டு வந்தாள். அவள் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா மேடம் இப்பிடி வேர்த்துக்கினு உக்காந்துகிறீங்க? பொண்ணுங்களுக்குக் குடுக்கற நாப்கின் ஒரு பெட்டி கீதே. சாவி என் கைலதான்."

எனக்கு உயிர் வந்தது. "எங்கே இருக்கு?"

மேரி என் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். "தோ, உங்க பின்னாடி. பீரோல."

திரும்பிப் பார்க்கவே வேண்டாம். என் கையெழுத்து, முகவர்கள் கையெழுத்து, நடுவில் சிவப்பு அரக்கு.

"காய்தம்தானே, கிழிச்சிர்லாமா?" என்றாள்.

கிழிக்கலாம். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் தலைமை அலுவலரே சீலை உடைத்தால் முகவர்கள் சும்மா இருப்பார்களா? புகார், விசாரணை, மெமோ என்று வரிசையாக என் கண்ணில் ஓடியது. அடுத்த பிடி வயிற்றை முறுக்கியபோது முடிவெடுத்தேன்.

"முகவர்கள் இங்கே வாங்க. பீரோவைத் திறக்கணும்."

குப்புசாமி எழுந்து வந்தார். இடுப்பில் கை வைத்தார். "இன்னாத்துக்கு? காலைல என் வெத்திலையவே விரிச்சிக் காட்டச் சொன்னீங்க. இப்ப நீங்க சொல்லுங்க, உள்ள இன்னா கீது?"

நியாயமான கேள்வி. என் வாயிலிருந்து "அவசர மருத்துவப் பொருள்" என்று வந்தது. குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னா பொருளு?" இளைய முகவர் வெங்கடேசனும் வந்துவிட்டான்.

மேரிக்குப் பொறுமை போனது. "நாப்கினுய்யா! மேடத்துக்கு வேணும். போதுமா?"

வரிசையில் நின்ற தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. நான் மேசையில் இருந்த வாக்காளர் பட்டியலை மும்முரமாகப் படித்தேன்.

குப்புசாமி தலையில் அடித்துக்கொண்டார். "அட இன்னாம்மா நீ! எனக்கு மூணு பொண்ணு. மெடிக்கல்ல நான்தான் வாங்கியாறேன். இதச் சொல்றதுக்கு இம்மாம் நேரமா? தொறங்க, தொறங்க. டேய் வெங்கடேசா, அப்பால திரும்பி நில்றா!"

காலையிலிருந்து எதற்கும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் சுவரைப் பார்த்து நின்றன.

நியாயப்படி நான் அப்போதே ஓடியிருக்க வேண்டும். வியாதி விடவில்லை. பீரோ திறக்கப்பட்டதற்கு ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். 'ஒரு பொருள் எடுக்கப்பட்டது' என்று எழுதியதைக் குப்புசாமி எட்டிப் பார்த்தார்.

"பொருளுன்னு மொட்டையா எழுதாதீங்கம்மா. நாளைக்கு எங்க ஆளுங்க கேப்பாங்க."

எழுதினேன்: 'நாப்கின், ஒரு பாக்கெட்.' இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நடந்தேன். மேரி தன் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தபடி, மந்திரிக்குப் பின்னால் போகும் காவலர் மாதிரி, மைதானம் முழுக்க ஒட்டிக்கொண்டே வந்தாள். கறை உள்ளங்கை அளவுதான். என் பயத்தில் அது ஒரு தாலுகா அளவு இருந்தது.

மதியம் மண்டல அலுவலர் வந்தார். ஏடுகளை வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் அவருக்கு.

"பீரோ, முகவர்கள் முன்னிலையில் திறக்கப்பட்டு, நாப்..." நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது எந்தப் படிவத்தில வருதும்மா?"

"படிவம் இல்லை சார்."

"இருக்கணும்மா," என்று சொல்லிவிட்டு, அவரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் இதைச் சொன்னதுதான் நான் செய்த கடைசித் தப்பு. எனக்கு மாதவிலக்கு நிஜமாகவே ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன. ஆனால் சென்னையில் இருக்கும் என் மகள், மாதம் ஒருமுறை போனில், "அம்மா, பீரோ தொறந்தாச்சு" என்பாள். சுடுதண்ணீர்ப் பை வைத்துப் படு, சூடாக ஏதாவது குடி என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள், பின்னாலிருந்து என் கணவரின் குரல் வரும்:

"முகவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாளான்னு கேளு."

மாப்பிள்ளையும் விடுவதில்லை. மெடிக்கலிலிருந்து வந்ததும், "ஒரு பாக்கெட், பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுகிறார். தேதியும் நேரமும் போடுகிறார். அதில் மட்டும் எனக்குக் குறை இல்லை.