அடிக்குறிப்பாரின் குரல் களஞ்சியம்

மனைவி உரத்த குரலில் கேட்கும் எதையும் ஒத்திப்போடலாம், தணிந்த குரலில் கேட்பதை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும் என்பது அடிக்குறிப்பாரின் அனுபவம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் டீயை ஆற்றிக்கொண்டே, டீயிடம் சொல்வதைப் போலச் சொன்னாள்:

"பின்னறை எனக்கு வேணுங்க."

"எதுக்கு?"

"கதவு இருக்கே, அதுக்கு."

அந்த வீட்டில் ஒழுங்காகச் சாத்தக்கூடிய கதவு பின்னறைக்கு மட்டும்தான் இருந்தது. படுக்கையறைக் கதவு ஏதோ ஒரு மழைக்காலத்தில் உப்பியது. அதற்குப் பிறகு அது சுவரோடுதான் குடித்தனம் நடத்துகிறது. பின்னறையில் அடிக்குறிப்பாரின் இசைத்தட்டு ஆல்பங்கள் இருந்தன. நடுவே ஒரு நாற்காலி, அதில் அடிக்குறிப்பார்.

அடிக்குறிப்பார் என்பது நகர நூலகத்தில் உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். நூற்பட்டியல் பிரிவில் இருக்கிறார். யாராவது "மழை வரும்போல இருக்கே" என்றால், தூறல் எங்கே முடிந்து மழை எங்கே தொடங்குகிறது என்று கீழே ஒரு குறிப்புச் சேர்க்காமல் அவரால் குடையை விரிக்க முடியாது.

அவர் மனைவி, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துவைத்திருக்கும் தாள்களை மொழிபெயர்ப்பவள். ஒரு சொல் தவறினால் ஓர் ஆள் தவறிவிடக்கூடிய தொழில். அதை அவள் சாப்பாட்டு மேசையில், உப்புக் கிண்ணத்துக்கும் கணவரின் செய்தித்தாளுக்கும் நடுவே, பின்னறையைப் பார்த்தபடி உட்கார்ந்து செய்துவந்தாள். போன வாரம் ஓர் இருமல் மருந்தின் தாளை எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னறையிலிருந்து பாட்டும், பாட்டைவிட உரக்கப் பாட்டுக்கான விளக்கமும் வந்துகொண்டிருந்தன. கை தன்பாட்டுக்கு விளக்கத்தை எழுதிவிட்டது. பக்க விளைவுகள் என்ற தலைப்பின் கீழ், தூக்கக் கலக்கம், நா வறட்சி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, "இங்கே குரல் மூன்று ஸ்தாயி ஏறுவதைக் கவனிக்கவும்" என்று மருந்துக் கம்பெனிக்குப் போனது.

"கம்பெனியில திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க."

அடிக்குறிப்பார் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "மூணுன்னா எழுதின? மூணரை."

அவள் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள். டீ நன்றாக ஆறிவிட்டிருந்தது.

அந்த ஆல்பங்களைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வாத்தியம் சேர்ந்த எதையும் அவர் வாங்குவதில்லை. வீணை, வயலின் எல்லாம் மரமும் கம்பியும் செய்கிற வேலை, அதில் மனிதனுக்கு என்ன பெருமை என்பது அவர் கட்சி. வெறும் தொண்டையை வைத்துக்கொண்டு மனிதன் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று காட்டும் இசைத்தட்டுகள்தான் அவர் சேகரிப்பு. ஒரே மூச்சில் இரண்டு சுரம் எழுப்பும் மலைநாட்டுத் துறவிகள். எதிரெதிரே நின்று, முதலில் சிரிப்பவர் தோற்றார் என்று தொண்டையாலேயே சண்டை போடும் பனிநாட்டுப் பெண்கள். உதட்டால் மத்தளம், மூக்கால் எக்காளம் என்று ஒரு கச்சேரியையே வாய்க்குள் நடத்தும் குடும்பம்.

இவற்றை அவர் அடுக்கியிருந்த முறையில் நூலகத் துறைக்கே ஒரு பாடம் இருந்தது. குரலின் உயரப்படி அலமாரி. தரையை ஒட்டிய தட்டில் கட்டைக்குரல். மேலே போகப் போகக் குரலும் மேலே போகும். கூரையை ஒட்டிய தட்டில் கண்ணாடித் தம்ளரைக் கலங்கவைக்கும் கீச்சுக்குரல் எடுக்கும் மேல்நாட்டுச் சீமாட்டிகள். ஆகவே துறவிகளைக் கேட்க வேண்டுமானால் அவர் குப்புறப் படுக்க வேண்டும், சீமாட்டிகளைக் கேட்க வேண்டுமானால் முக்காலி மேல் ஏற வேண்டும். ஒரே குரலில் அடியிலிருந்து உச்சிவரை போய்வரும் பாடகி ஒருத்தியின் ஆல்பம் ஒன்று இருந்தது. எந்தத் தட்டிலும் அடங்காததால் அதை நாற்காலியின் கைப்பிடியில் சாத்திவைத்திருந்தார். அவருடைய உயிர் அதில்தான் இருந்தது.

அறையை விட்டுக்கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று முடிவு செய்தார். ஆனால் "முடியாது" என்று சொல்வது அவர் பாணியல்ல. மறுக்க முடியாதபடி நிரூபிப்பதுதான் அவர் பாணி. அதற்கு நடுநிலையான சாட்சி ஒருவர் வேண்டும். எதிர்வீட்டில் பல் மருத்துவர் இருந்தார். நாள்முழுக்க மற்றவர்களைப் பேசவிடாமல் தான் மட்டும் பேசும் தொழிலில் இருப்பவர்; மாலையில் கொஞ்சம் கேட்டுக்கொள்ளட்டும் என்று அவரை டீக்கு அழைத்தார்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி வாசலோரம் நின்றாள். அடிக்குறிப்பார் தரையில் படுத்துத் துறவிகளை எடுத்துச் சுழலவிட்டார்.

"கேளுங்க சார். இது ஒரே ஆளு. மேல ஒரு சத்தம் கேக்குதா? கீழ ஒண்ணு ஓடுதா?"

"நீங்க பேசறது கேக்குது."

"அதுக்கும் கீழ."

"ஃப்ரிட்ஜ் மாதிரி ஒண்ணு கேக்குது."

"அதேதான். அந்த ஃப்ரிட்ஜ் சத்தம் வர பன்னண்டு வருஷம் சாதகம் பண்ணணும்."

"எங்க வீட்ல வாங்கின அன்னிக்கே வந்துது," என்றார் டாக்டர்.

அடிக்குறிப்பார் முக்காலி மேல் ஏறினார். உச்சித் தட்டிலிருந்து ஒரு சீமாட்டியை இறக்கி, ஊசியை வைத்து, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் என்ன செய்யப்போகிறாள் என்று சொல்லி, அவள் செய்துகொண்டிருக்கையில் இன்னொரு முறை சொல்லி, முடித்ததும் என்ன செய்தாள் என்று சுருக்கிச் சொன்னார். டாக்டர் இதற்குள் உறையை எடுத்து, சீமாட்டி வாயைத் திறந்து பாடும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல் வரிசையில கடைவாய்ப் பல்லு ஒண்ணு கெட்டிருக்கு. கவனிக்காம விட்டுட்டாங்க."

"குரலைக் கவனிங்க சார்."

"குரல் அது வழியாத்தானே வருது."

நிரூபணம் எதிர்பார்த்த பாதையில் போகவில்லை. அடிக்குறிப்பார் கடைசி ஆயுதத்தை எடுத்தார். கைப்பிடியிலிருந்த ஆல்பத்தை இரு கையாலும் தூக்கிப்பிடித்தார். மனைவி காதில் விழட்டும் என்று குரலையும் கொஞ்சம் தூக்கினார்.

"இதெல்லாம் என்னோட சொத்துன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன் டாக்டர். எனக்கு இதுல என்ன உரிமை இருக்கு? இது மனித குலத்தோட சொத்து. நான் வெறும் காவலாளி. என் சொத்தா இருந்தா இந்த அறையை இந்த நிமிஷமே காலி பண்ணிக் குடுத்துடுவேன். அடுத்தவங்க பொருள். எப்படி நகர்த்தறது?"

டாக்டர் தலையசைத்தார். இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா டாக்டர்?" என்று மனைவி மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்.

வழக்கில் வென்றாகிவிட்டது என்று அடிக்குறிப்பார் அன்று இரவு இரண்டு துறவிகளைக் கூடுதலாகக் கேட்டார்.

அடுத்த வாரம் நூலகத்தில் தலைமை நூலகர் அம்மையார் அவரைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனால் அறை நிறைய ஆட்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் தனக்குப் பின்னால் வரும் யாருக்கோ என்று நினைத்து அடிக்குறிப்பார் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?" என்றார் அம்மையார். அவருடைய வலது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. "உங்க எதிர்வீட்டு டாக்டர் எல்லாம் சொன்னார். வாயில பஞ்சு இருந்ததால அங்கேயே என்னால ஒண்ணும் சொல்ல முடியல. மனித குலத்தோட சொத்து, வீட்டுல பூட்டிவைக்க எனக்கென்ன உரிமைன்னு கேட்டீங்களாமே."

"பூட்டின்னு நான் சொல்லல மேடம். நான் சொன்னது…"

"மாடியில கிழக்குப் பக்க அறையைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். மனிதக் குரல் பிரிவு. பொறுப்பாளர் நீங்க."

பொறுப்பாளர் என்ற சொல் அவர் தொண்டையில் ஒரு நிமிடம் இனிப்பாக நின்றது. இறங்கியபோது கசந்தது.

"மேடம், அந்த இசைத்தட்டுகளுக்குச் சூடு ஆகாது."

"ஏசி போட்டாச்சு."

"அடுக்கு முறை கொஞ்சம் சிக்கல். தரையிலேர்ந்து…"

"அதுக்குத்தானே உங்களைப் போட்டிருக்கேன்."

"என் மனைவிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"கேட்டுட்டேன். முழுச் சம்மதம்னாங்க."

மாலை வீடு திரும்பினார். மனைவி பின்னறையில், கையில் இஞ்சி டேப்போடு, ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே அளந்துகொண்டிருந்தாள்.

"அந்த அம்மாவுக்கு எதிர்வீட்டு டாக்டரை யார் சொன்னது?"

"நீங்கதானே வந்து சொன்னீங்க, கன்னத்துல கைய வெச்சுக்கிட்டே மீட்டிங் நடத்தறாங்கன்னு. பாவமா இருந்துது. நான்தான் போன் பண்ணி அனுப்பிவெச்சேன். நல்ல கைராசி டாக்டர், நிறைய பேசுவார்னு சொன்னேன்."

"இதெல்லாம் நான் ஆசை ஆசையா சேத்தது."

"இல்லேன்னு யார் சொன்னா?"

"என்னோடது."

அவள் டேப்பைச் சுருட்டினாள். டேப் சரேலென்று உள்ளே போனது. "டாக்டரைக் கூப்பிடட்டுமா? அன்னிக்கு நீங்க சொன்னதை அவர் அச்சு மாறாம சொல்வார்."

சாட்சியை ஏற்பாடு செய்ததும் தான், வாக்குமூலம் கொடுத்ததும் தான் என்பதை அடிக்குறிப்பார் நினைத்துப் பார்த்தார். மேல்முறையீடு செய்ய வழியில்லை.

"காவலாளி வேலைதானே?" என்றாள் அவள், ஆறுதலாக. "இங்க சும்மா பாத்தீங்க. அங்க சம்பளத்தோட பாருங்க."

வேன் வந்தது. சீமாட்டிகளும் துறவிகளும் முதன்முறையாக ஒரே பெட்டிக்குள் படுத்துப் பயணம் செய்தார்கள். ரெகார்ட் பிளேயரும் போனது. திறப்பு விழாவில் அவருக்குச் சால்வை போட்டார்கள். அவர் பேச எழுந்தார். அம்மையார் புன்னகையோடு சுவரைக் காட்டினார். நூலகத்துக்குள் பேசக் கூடாது என்ற பலகை அங்கே இருந்தது.

மனிதக் குரல் பிரிவுக்கு ஆட்கள் வரத்தான் செய்தார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். துறவிகள் எந்த இடத்தில் இரண்டாவது சுரத்தை எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் ஒரு காதும் காலியாக இல்லை. ஒருமுறை பொறுக்க முடியாமல், ஒரு கல்லூரிப் பெண்ணின் ஹெட்போனை ஒருபக்கம் தூக்கி, "இப்ப வரும் பாருங்க" என்றார். வந்தது அம்மையாரின் எச்சரிக்கை.

ஒருநாள், தட்டில் அடங்காத அந்தப் பாடகியின் ஆல்பம் இடத்தில் இல்லை. அடிக்குறிப்பார் அலமாரி முழுக்கத் துழாவினார். கீழே ஓடிப்போய் இரவல் பிரிவில் கேட்டார். எடுத்துப்போனவர் புதிய உறுப்பினர் என்றார்கள். விலாசம் அவருக்குத் தெரிந்த விலாசம்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே குரல் கேட்டது. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

"யாரு?"

"நான்தான். பிளேயர் ஏது?"

"வாங்கினேன். கம்பெனியில இப்ப கூடுதலா வேலை குடுக்கறாங்க."

"உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்காதே."

"யார் சொன்னா? பிடிக்கும். இத்தனை வருஷமா கேட்டதில்ல, அவ்வளவுதான்."

"தினமும்தானே போட்டேன்."

"போட்டீங்க. நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீங்க."

அடிக்குறிப்பார் கதவில் கையை வைத்தபடி நின்றார். "உள்ள வரட்டுமா?"

"பேசுவீங்களா?"

அவர் நேர்மையானவர். யோசித்தார். "ஒரே ஒரு குறிப்பு."

"அப்ப அங்கேயே இருங்க."

உள்ளே பாடகி அடிக்குரலுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில்தான் அவர் எப்போதும் மூன்றரை ஸ்தாயி என்ற கணக்கை விளக்கத் தொடங்குவார். இன்று விளக்க ஆளில்லை. ஆகவே கேட்டார். மிகத் தாழ்ந்த அந்தச் சுரத்துக்கு முன்னால் அவள் சின்னதாக ஒரு மூச்சு இழுத்தாள், கிணற்றில் குதிக்குமுன் இழுப்பதுபோல. இப்படி ஒரு மூச்சு இருப்பது அவருக்கு இதுவரை தெரியாது. திரும்பிப் பார்த்தார். அதைச் சொல்ல, சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம்தான் இருந்தது.

பாட்டு முடிந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. ஆல்பமும் அதைப் பிடித்த கையும் வெளியே வந்தன.

"இதுக்கு நாளையோட தவணை முடியுது. போறப்ப எடுத்துட்டுப் போய்ப் புதுப்பிச்சுட்டு வந்துடுங்க."

வேறு யாராவது காத்திருந்தால் புதுப்பிக்கக் கூடாது என்பது நூலக விதி. காத்திருந்தவர் ஒருவர் உண்டு, கதவுக்கு வெளியே. ஆனால் ஊழியர்களை அந்த விதி ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.