கிளீட்டஸ் கேட்டு வாங்கிய குதிரை

குதிரை நகரவில்லை. கிளீட்டஸை முதுகில் ஏற்றிக்கொண்டதோடு தன் வேலை முடிந்தது என்று தலையைத் தொங்கப்போட்டு நின்றது. முன்னால் போன மேனேஜர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் குதிரை ஏரிக்கரைப் பாதையில் திரும்பி மறைந்துகொண்டிருந்தது.

"குட்டிக் குதிரையில ஏறுங்கன்னு அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே?" என்று மலாயில் கடிந்துகொண்டாள், பூங்காவில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ரோஸ்.

கேட்கவில்லைதான். ஒரு சூப்பர்வைசர் குட்டிக் குதிரையில் போனால் எவன் மதிப்பான்? கிளீட்டஸ் இன்னும் சூப்பர்வைசர் ஆகவில்லை என்பது வேறு விஷயம். ஜாசின் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் காலமெல்லாம் பெட்டி அடுக்கியவர் அவர். பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆர்டர் குறைந்து, இரண்டு மெஷின்களை நிறுத்தியிருந்த நேரம் அது. மேனேஜர் சிலரை மட்டும் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். பேக்கிங் பமேலா கண் சிவந்து வெளியே வந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று கிளீட்டஸ் முடிவுகட்டினார். கூப்பிடப்பட்டவர்களுக்கு மட்டும் சனிக்கிழமை கம்பெனி செலவில் பூங்கா, குதிரைச் சவாரி, பிரியாணி என்று கேள்விப்பட்டதும் அவருக்கு எல்லாமே விளங்கிவிட்டது. பெரிய கம்பெனிகள் பதவிக்கு ஆள் பொறுக்குவதே இப்படித்தானாம். கைபேசியில் ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார்.

"என் பேரு இருக்கா?" என்று ஆபீஸ் வாணியிடம் போய்க் கேட்டார்.

"இல்லண்ணே. ஒங்க ஸ்டோர்லேருந்து யுவனேஸ்வரன் மட்டும்தான். அவரு லீவு, இன்னும் கூப்பிடல. நீங்க போயி மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி கொளுத்துங்க."

என்ன திமிர் பாருங்கள்! யுவனேஸ்வரன் நேற்று வந்த பயல். அவன் பெயர் இருக்கிறது, இவருக்கு மெழுகுவத்தி! கிளீட்டஸ் நேரே மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"சார், எல்லாம் கேள்விப்பட்டேன். யுவனேஸ்வரனுக்குப் பதிலா என்னைப் போட்டுருங்க. பாவம், அவன் பொண்டாட்டி புள்ளத்தாச்சி. அவன் ஏன் சார் அலையணும்?"

அந்தப் பெண்ணின் முகம்கூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் சொல்லும்போது சரியான இடத்தில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணாடியைக் கழற்றினார். "கிளீட்டஸ், யோசிச்சுத்தான் கதைக்கிறீரோ? வீட்டில சொன்னீரோ?"

"என் வீட்டுக்காரி பிரிஜிட்டுக்கு ரொம்ப சந்தோஷம் சார். கோயில்ல நன்றிப் பூசைக்கே பேரு குடுத்துட்டா."

மேனேஜர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. "உம்மை மாதிரி ஒரு மனுசர் இங்கே இருக்கிறது இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சுது."

"பரவால்ல சார், இப்பயாச்சும் தெரிஞ்சிச்சே," என்றார் கிளீட்டஸ் பெருந்தன்மையாக.

அப்படி வாயாடி வாங்கிய குதிரைதான் இப்போது நகர மாட்டேன் என்கிறது.

கிளீட்டஸ் குதிகாலால் ஓங்கி ஓர் உதை விட்டார். குதிரை கிளம்பியது. ஆனால் பாதையில் போகவில்லை. நேரே லாலாங் புல்லுக்குள் இறங்கி மேயத் தொடங்கியது. கடிவாளத்தை வலப்பக்கம் இழுத்தார். வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. அவருக்குக் காலையில் தின்றதெல்லாம் நெஞ்சுக்கு ஏறியது.

"இழுக்காதீங்க! சும்மா ஒக்காருங்க!" என்று கத்தினாள் ரோஸ்.

சும்மா உட்கார்ந்தே வயதாகிவிட்ட மனிதரிடம் சொல்லும் பேச்சா இது? பஸ்ஸில் தின்னக் கொடுத்த கறிபாப் பலகாரம் ஒன்று சட்டைப் பையில் மிச்சம் இருந்தது நினைவுக்கு வந்தது. குனிந்து அதைக் குதிரையின் வாயருகே நீட்டினார்.

"ஐயோ, அதக் குடுக்காதீங்க!" ரோஸ் ஓடி வருவதற்குள் கறிபாப் போய்விட்டது.

அதுவரை மண்ணாங்கட்டியாக இருந்த குதிரைக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பாதையில் ஏறி விறுவிறுவென்று நடந்தது. "பாத்தியா? எப்படிச் சொன்னா கேக்கும்னு நமக்குத் தெரியும்லா!" என்று கிளீட்டஸ் மார்தட்டினார். மேனேஜரின் முதுகு மறுபடியும் கண்ணில் பட்டது. இடையில் பமேலா மட்டும்தான் போய்க்கொண்டிருந்தாள். அவள் தோளில் தொங்கிய பிளாஸ்டிக் பையில் மீதிக் கறிபாப் இருந்தது.

"அண்ணே, மெதுவா வாங்க... அண்ணே, ஒங்க குதிரை என்னாண்ணே என்னையவே பாக்குது?"

"பயப்படாதே பமேலா, என் கையிலதான் இருக்கு!"

அவர் கையில் கடிவாளம் இருந்தது, அவ்வளவுதான். குதிரை பாய்ந்து பையைக் கவ்வியது. பமேலா வீல் என்றாள். அவள் குதிரை விலகி ஓட, இவர் குதிரை பையோடு சடாரென்று திரும்ப, கிளீட்டஸ் மட்டும் யார் பக்கமும் சேராமல் பாதையோர லோங்காங்கில் போய் விழுந்தார். முழங்கால் வரைக்கும் சாக்கடை. பாதிப் பயணத்தில் சூப்பர்வைசர் பதவி மிதந்து போவதை அவர் கண்ணால் பார்த்தார்.

இனி எல்லாரும் சிரிப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பமேலா இறங்கி ஓடிவந்து, தன் துப்பட்டாவாலேயே அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

"இவ்ளோ நல்ல மனுசனுக்கா இப்படி ஆவணும்? ஒங்கள சாமி கைவிட மாட்டாருண்ணே."

இப்போதே சோப்புப் போடுகிறாள் பார், கெட்டிக்காரி என்று கிளீட்டஸ் நினைத்தார். மேனேஜர் சாக்கடை நாற்றத்தையும் பொருட்படுத்தாமல் அவரைக் கட்டிக்கொண்டார். பிரியாணியில் முதல் தட்டு அவருக்குத்தான் வந்தது, அதுவும் மேனேஜர் கையாலேயே. எலும்பில்லாத கறி. அவர் நொண்டிக்கொண்டு வந்து உட்காரும்வரை அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சிலர் சாப்பாட்டைத் தொடவே இல்லை. தோற்றவனுக்குச் சோறு எப்படி இறங்கும்? கிளீட்டஸ் இரண்டாம் தட்டும் வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பொறாமை பிடித்த ஜனங்கள். கிளீட்டஸ் முன் இருக்கையில், தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டும் வீரப்பனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இடுப்பு கடுத்தது, முழங்கால் வீங்கியிருந்தது, கால்சட்டை நாறியது. மனசு மட்டும் ஆகாயத்தில் இருந்தது. பதவிக்கு ஏற்ற பேச்சை இப்போதிலிருந்தே பழகிக்கொள்வது நல்லது என்று தொண்டையைக் கனைத்தார்.

"வீரப்பா, திங்கக்கிழமையிலேருந்து புக்கிட் காத்தில் மெயின் ரோட்டுல என்னைத் தேடாதே. எங்க குடியிருப்பு தாமானுக்குள்ள வந்து, வீட்டு வாசல்ல நிப்பாட்டி ஹாரன் அடிக்கணும். வெளங்குதா?"

வீரப்பன் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான்.

"என்னாண்ணே வெளையாடுறீங்க, திங்கக்கிழமையிலேருந்து இந்த பஸ்ல இருக்கிற யாருக்குமே வேல கிடையாதுன்னுதானே இன்னிக்கு இந்த விருந்து, தனக்குப் பதிலா நீங்களே கேட்டு வாங்கிக்கிட்டு வெளிய போறீங்கன்னு யுவனேஸ்வரன் ஒங்க போட்டோவ சாமி மேடையில மாட்டி, மாலையே போட்டுட்டான்லா!"