தாலர் பார்த்துச் சொல்பவர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு: பார்ப்பதற்கு முன்பே பார்த்து முடித்துவிட்டவர்கள். நீங்கள் பைக்குள் கையை விட்டுப் பொருளை வெளியே எடுப்பதற்குள் "ம்ம்… தெரியும், தெரியும்" என்பார்கள். உலகெங்கும் பரவிக் கிடக்கும் இந்த இனத்தில் நன்றாகத் தேறிய கிளை ஒன்று ஜெர்மனியில் எங்கள் மான்ஸ்ஃபெல்ட் பக்கத்தில் வளர்கிறது. பழைய நாணயம் பார்த்துச் சொல்பவர் என்று அதற்குப் பெயர். செம்பையும் வெள்ளியையும் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி, கடைசியில் மண்ணுக்குக் கீழே பொந்துகளும் மண்ணுக்கு மேலே கறுத்த கசடு மலைகளும் மட்டுமே மிஞ்சிய ஊர்கள் எங்களுடையவை. ஆனாலும் வீட்டுக்கு வீடு பிஸ்கட் டப்பாவில், அறுந்த பொத்தான்களுக்கு நடுவே, ராஜா காலத்து வெள்ளி நாணயமான தாலர் ஒன்றாவது கிடக்கும். தாலர் கிடக்கிற ஊரில் அதைப் பார்த்துச் சொல்பவர் முளைக்காமல் இருப்பாரா?

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்று கேள்வி. நாணயத்தை ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்குவார். உங்கள் விரல் தவறிப்போய் ராஜாவின் கன்னத்தில் பட்டுவிட்டால், ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், பெற்ற பிள்ளையை நீங்கள் அறைந்துவிட்ட மாதிரி இருக்கும். பிறகு எழுத்துகளைப் படிப்பார். லத்தீனில் பாதி விழுங்கிப் பொறித்திருப்பதை விரித்துச் சொல்வார். அதுவரை சரி, நமக்கும் அது தெரியாது. ஆனால் ஜெர்மன் மொழியில், கொட்டை எழுத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை தடுக்காமல் படிக்கிற மாதிரி எழுதியிருப்பதையும் ஜெர்மன்காரர்களுக்கே மொழிபெயர்த்துச் சொல்வார் என்பதுதான் வேடிக்கை.

"'மான்ஸ்ஃபெல்ட் சுரங்கத்தின் ஆசி'ன்னு போட்டிருக்கு. அதாவது, இது மான்ஸ்ஃபெல்ட் சுரங்கம் குடுத்த ஆசி."

"அதைத்தானே நானும் படிச்சேன்."

"படிச்சீங்க. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

எல்லாம் பார்த்த பிறகு தீர்ப்பு. அடுத்தவர் கொண்டுவந்தது என்றால் போலி. போலி இல்லையென்று கண்கூடாகத் தெரிந்தால், தேய்த்துக் கழுவிக் கெடுத்தது. அதுவும் இல்லையென்றால், தெருவுக்குப் பத்து கிடைக்கிற சாமானியம். தன் சட்டைப்பையில் இருப்பது மட்டும் அபூர்வம், அசல், அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியது. இது எந்த ஊர் நியாயம் என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் கேட்பதற்கு வாய் திறந்தால் பதிலுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு வாய்த்தவர் லோட்டார் ஹென்னிக். ஓய்வு பெறும்வரை காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர். கூரை பறந்துபோய் நிற்பவரிடம் "இது புயலில் போனதில்லை, ஏற்கெனவே உளுத்திருந்தது" என்று எழுதிக் கொடுப்பதுதான் உத்தியோகம். நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கிய மனிதர். ஓய்வுக்குப் பிறகு அதையே இலவசமாகச் செய்தார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, கிஸேலாவின் மதுக்கடைப் பின்னறையில் நாணயச் சங்கம் கூடும். ஊரார் யார் வேண்டுமானாலும் டப்பாவைக் கொண்டுவரலாம். லோட்டார் பார்த்துச் சொல்வார்.

அந்தப் பின்னறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. கள்ளக்காசு கைக்கு வந்தால் கடைக்காரர் அதைக் கல்லாமேசையில் ஆணியடித்து வைப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம்; மறுபடி அது யார் கையிலும் புழங்கக்கூடாது, பார்க்கிறவனுக்கும் புத்தி வரவேண்டும். சங்கம் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. லோட்டார் போலி என்று சொன்னதெல்லாம் அந்தப் பலகைக்குப் போகும். சுத்தியலும் அவர் கையில்தான். உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்று விதி உண்டு, ஆனால் பத்துப் பேர் முன்னால் போலி என்று ஆன பிறகு அதைத் திரும்பக் கேட்க யாருக்கு முகம் வரும்? பலகை நிறைந்துகொண்டே வந்தது. அதில் எத்தனை அசல் அறையப்பட்டுக் கிடக்கிறதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சென்ற இலையுதிர் காலத்தில் ரமோனா வந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் குரு. அவள் அப்பா கடைசிச் சுரங்கம் மூடும்வரை கீழே இறங்கிய மனிதர், அந்த வசந்தத்தில்தான் போயிருந்தார். போகும்போது மகளுக்கு விட்டுப்போனது ஒரு தாலர். 'எங்க கொள்ளுத்தாத்தன் வெட்டின வெள்ளி' என்று வாழ்நாளெல்லாம் மேசைக்கு மேசை சொல்லிக்கொண்டிருந்தார். ரமோனாவின் அண்ணன் யென்ஸ் அதை நம்பவில்லை.

"அப்பா பெட்ரோல் பங்க்ல வாங்கிட்டு வந்து கதை விட்டிருப்பார்," என்றான் யென்ஸ். "அதைப்போய் என் பேத்திக்குக் குடுக்கப் போறியா? சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி சிரிப்பாய் சிரிச்சுடும்."

அடுத்த ஞாயிறு அந்தப் பேத்திக்கு ஞானஸ்நானம். ரமோனாதான் ஞானத்தாய். ஞானத்தாய் பிள்ளைக்கு ஒரு தாலர் கொடுப்பது குடும்ப வழக்கம். அப்பாவின் தாலரைக் கொடுக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அப்பா பொய்யரா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தாள்.

லோட்டாரிடம் ஒரு வேலைமுறை உண்டு. யார் தாலர் கொண்டுவந்தாலும் தன் சட்டைப்பையிலிருந்து தன் தாலரை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். அசல் எப்படி இருக்கும் என்று ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? அது அவருடைய ஞானத்தகப்பன் கொடுத்தது. அம்மா அதற்கு ஒரு வளையம் பற்றவைத்துத் தொட்டிலுக்கு மேல் தொங்கவிட்டிருந்தாள். பின்னால் பொற்கொல்லர் வளையத்தை எடுத்துத் தடத்தை மழித்துவிட்டார். ரமோனாவுடையதும் அதே சுரங்கத்து வெள்ளி, அதே ராஜா. பச்சைக் கம்பளித் துணி விரித்த தட்டில், அவள் பக்கம் அவளுடையதும் தன் பக்கம் தன்னுடையதுமாக வைத்தார்.

வைத்துவிட்டு உடனே பார்த்தாரா? பார்த்தால் அவர் லோட்டார் இல்லையே. பக்கத்து மேசையில் யாரோ "பதினாலு மார்க்னு போட்டிருக்கே, அதுதான் விலையா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். லோட்டார் முதுகைக் காட்டித் திரும்பினார். மார்க் என்பது அந்தக் காலத்தில் காசு இல்லை, எடை. ஓர் எடை சுத்த வெள்ளியில் பதினான்கு தாலர் அடிப்பார்கள். இவ்வளவுதான் விஷயம், அதுவும் சரியான விஷயம்தான். அதைச் சொல்ல அவர் கிழக்கும் மேற்கும் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, கிஸேலா பச்சைக் கொத்துக்கறியும் வெங்காயமும் அப்பிய ரொட்டித் தட்டோடு வந்தாள். சங்கத்துப் பொருளாளர் ஊவெ, கறி தாலரில் படாமல் இருக்க நாணயத் தட்டைத் தூக்கினார். ரொட்டிக்கு இடம் விட்டுத் திரும்ப வைத்தார். வைக்கும்போது தட்டு பக்கம் மாறித் திரும்பிவிட்டது.

ரமோனா பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள். நிபுணருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

லோட்டார் திரும்பினார். அவள் பக்கம் இருந்ததை எடுத்தார். விரல் நுனியில் நிறுத்திச் சுண்டினார். முகத்தைச் சுளித்தார்.

"கேட்டீங்களா? தகரச் சத்தம். வார்ப்படம். ராஜாவோட முடியைப் பாருங்க, சோப்புல செஞ்ச மாதிரி இருக்கு. ஓரத்துல 'கடவுள் நம்மோடு'ன்னு எழுதியிருக்கு, எழுத்து நடுங்குது. கடவுள் இவனோட நிச்சயமா இல்லை."

அறை சிரித்தது. ரமோனா சிரிக்கவில்லை.

"இங்க மேலே பாருங்க," என்று பூதக்கண்ணாடியை நீட்டினார் லோட்டார். "வளையம் ஒட்டியிருந்த தடம். பழசுன்னு நம்ப வைக்கறதுக்குக் கள்ளனுங்க இப்படிச் செய்வானுங்க. அசல் வெச்சிருக்கறவன் எவனாவது அதுல சூட்டுக்கோல் வைப்பானா?"

பிறகு மற்றதை எடுத்தார். சுண்டினார். கண்ணை மூடிக் கேட்டார். "இதோ, இது. மணி மாதிரி. இதுதான் அம்மணி வெள்ளி. பூமிக்குள்ள இருந்து வந்தது பேசுது." அவர் குரல் தழுதழுத்ததை மறுப்பதற்கில்லை. அதைத் தட்டில் வைத்துவிட்டு, முதலாவதை மறுபடி கையில் எடுத்தார்.

"வருத்தப்படாதீங்க. உங்கப்பா நல்ல மனுஷர்தான். சுரங்கத்துல இருந்தவங்களுக்குக் கதை விடறது வழக்கம். ஊவெ, சுத்தியலை எடு."

கோபம் வந்தால் ரமோனா கத்தமாட்டாள். தப்பான சந்தில் திருப்பிய மாணவனிடம் பேசுகிற குரல் வரும்.

"ஹெர் ஹென்னிக், நீங்க கையில வெச்சிருக்கறது உங்களுது. அந்தத் தகரம் உங்களுது. மணி மாதிரி இருக்கறது எங்கப்பாவோடது."

"அம்மணி, என் காசு எனக்குத் தெரியாதா?"

"தட்டு திரும்பிடுச்சு."

ஊவெ ரொட்டியை மென்று விழுங்கினார். "ஆமா லோட்டார். கறி படக்கூடாதுன்னு நான்தான் தூக்கினேன். திருப்பி வெச்சுட்டேன்."

லோட்டாரின் கட்டைவிரல் அந்த மழித்த தடத்தைத் தானாகவே தடவியது. அறுபது வருஷம் தடவிய இடம். விரலுக்குத் தெரிந்துவிட்டது. வாய்க்கு இன்னும் தகவல் போகவில்லை. கூரை பறந்துபோன வீட்டின் நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு முதல்தடவையாகத் தெரிந்தது. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

ரமோனாவுக்கு மனசு இளகிவிட்டது. அவளுக்கு வேண்டியது கிடைத்தாயிற்று. ஊரிலேயே நம்பாத வாய், அப்பா பொய்யர் இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டது. இந்தக் கிழவரை நோகடித்து என்ன ஆகப் போகிறது?

"யாருக்கும் நடக்கறதுதான்," என்றாள். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. உங்களுதும் நல்லதாத்தான் இருக்கும். தப்பாப் பார்த்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, முடிஞ்சுது."

ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாயைத் திறந்தார் என்று ஊவெ இன்றும் சத்தியம் செய்கிறார். வந்தது வேறு.

"தப்பா? நானா? வேணும்னேதான் சொன்னேன். யாராவது கவனிக்கறீங்களான்னு பார்த்தேன். ஒருத்தர்தான் கவனிச்சிருக்கார். சங்கத்தோட லட்சணம் இது."

கீழே விழுந்தாயிற்று, மீசையில் மண் மட்டும் ஒட்டவில்லை.

"அப்போ உன்னுது போலியா?" என்றார் ஊவெ. அவர் குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"பின்னே? நான்தான் இப்போ காரணத்தோட விளக்கினேனே. பாடம் எடுக்கறதுக்குன்னே வெச்சிருந்தேன்."

"என்னய்யா இது," என்றாள் கிஸேலா, கையில் காலித் தட்டோடு. "ஞானத்தகப்பன் தொட்டில்ல போட்டதுன்னு நான் கடை திறந்த நாள்லேருந்து சொல்லிட்டிருக்கே."

"அவர் பாவம், ஏமாளி. யாரோ தலையில கட்டியிருப்பாங்க."

ஒரு பெண் தன் அப்பனின் சொல்லைக் காப்பாற்ற வந்த அறையில், ஒருவர் தன் ஞானத்தகப்பனை ஏமாளியாக்கினார். ரமோனா எழுந்து, "வேண்டாம், ஹெர் ஹென்னிக், விடுங்க" என்று கையை நீட்டித் தடுத்தாள். அந்தக் கை நீண்டதுதான் காரியத்தைக் கெடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இரக்கப்பட்டு ஒருவர் தடுத்தால் இந்த இனத்துக்கு வேறு வழியே இருக்காது.

சுத்தியலை அவரே எடுத்தார். பலகையில் ஓர் இடம் பார்த்து, ராஜாவின் காதுக்குக் கீழே எஃகு ஆணியை வைத்து அடித்தார். முதல் அடியிலேயே தாலர் மணி மாதிரி ஒலித்தது. அறையில் எல்லாருக்கும் கேட்டது. அவருக்கும்தான். நிறுத்தாமல் அடித்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம்; சொந்த ஆணியில் வைத்துக்கொண்டவரை அன்றுதான் பார்த்தோம்.

ஞானஸ்நானம் நல்லபடியாக நடந்தது. யென்ஸ் தாலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா சொன்னாரே, நான்தான் அப்பவே சொன்னேனே" என்றான். அவனும் ஒரு வளரும் நிபுணன்.

லோட்டார் இப்போதும் முதல் ஞாயிறு தவறாமல் வருகிறார். பலகைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். முன்னெல்லாம் எதிரே உட்காருவார். சட்டைப்பையில் கட்டைவிரல் அவ்வப்போது எதையோ தேடும். சென்ற மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் பலகையைப் பார்த்து, "அந்தக் காதுக்குக் கீழே ஆணி அடிச்சது, அசல் மாதிரி இல்லை?" என்றார். லோட்டார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போலி," என்றார்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு விவாதம் வந்தால், நீங்கள்தான் முதலில் "தப்பாச் சொல்லிட்டேன்" என்பீர்கள். கடைசியாக அப்படிச் சொன்னது எப்போது என்று மட்டும் சட்டென்று நினைவுக்கு வராது, அவ்வளவுதான். ஆனால் நடுவில் ஓர் இடத்தில், "அவ்வளவு கெட்டி வெள்ளியில் ஆணி அப்படி லேசில் இறங்காதே, கதை சொல்பவருக்கு என்ன தெரியும்" என்று உதட்டைப் பிதுக்கினீர்களே, பார்த்தேன். ஒன்றும் பாதகமில்லை. கையில் இருக்கும் சுத்தியலை மட்டும் மெல்லக் கீழே வைத்துவிடுங்கள்.