சொல்லாமல் வருகிறவனுக்கு

அன்புப் பேரன் வாண்டுவுக்கு உன் பாட்டி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். முட்டி சுகமில்லை, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

உன் அக்கா இருதய டாக்டராகிவிட்டாள், உன் சித்தப்பா மகன் விமானம் ஓட்டுகிறான், நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்துப் பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறாய் என்று பால்காரர் முதல் லிஃப்ட் ரிப்பேர்காரர் வரை சொல்லி முடித்துவிட்டேன். இப்போது என்னைக் கண்டால் லிஃப்ட்காரரே படி வழியாக இறங்கிப் போகிறார்.

நிற்க. போன மாதம் போனை வைக்கிற அவசரத்தில், "பாட்டி, ஒருநாள் டிராப் பை பண்றேன்" என்றாயே, ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அது விளங்கவில்லை. மேல் வீட்டு இங்கிலீஷ் டீச்சரைக் கேட்டேன். "முன்னாடியே சொல்லாம, போற வழியில சும்மா எட்டிப் பார்க்கிறது பாட்டிம்மா. நாள் நேரம் சொல்லிட்டா அது டிராப் பை இல்ல" என்றாள். "கடல் தாண்டி இருக்கிறவன் அப்படிச் சொல்லலாமா?" என்றேன். "பக்கத்துல இருக்கிறவங்கதான் சொல்வாங்க" என்றாள். படித்தவள் பொய் சொல்வாளா? நீ பக்கத்தில் எங்கேயோ வந்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து வாசல் தாண்டவில்லை. நீ எட்டிப் பார்க்கும்போது பூட்டைப் பார்க்கக் கூடாதல்லவா? பல் பிடுங்கக் குறித்த நாளுக்கும் போகவில்லை; பல் டாக்டர் போன் போட்டு, "பயமா பாட்டி?" என்று கேட்கிறார். குளிக்கும்போதுகூடக் கதவு சும்மா சாத்தித்தான் இருக்கிறது. மீட்டர் பார்க்க வந்தவர், தட்டுவதற்குள் நான் திறந்ததில் மிரண்டு, பக்கத்து வீட்டு மீட்டரை எழுதிக்கொண்டு போய்விட்டார். நேற்று உன் வயதில் ஒரு பையன் வந்தான். "வாடா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டேன். இரண்டாம் தடவை பரிமாறும்போதுதான், "பாட்டி, நான் தண்ணி ஃபில்டர் விக்க வந்தேன்" என்றான். பாவம், தட்டை அவனே கழுவி வைத்துவிட்டுப் போனான்.

ஆகையால் இந்த டிராப் பை எல்லாம் இனி வேண்டாம். வருவதென்றால் எழுதிப் போட்டுவிட்டு வா. எனக்கும் ஆயிரம் வேலை இருக்கிறது. தனியாக இருக்கிறாளே என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். நூறு வயது இருப்பாய். அதில் ஒருநாள் எனக்கு.

இப்படிக்கு,
உன் பாட்டி

பி.கு.: அந்தப் பையன் நீ இல்லை என்று, கையிலிருந்த ஃபில்டர் பெட்டியைப் பார்த்து வாசலிலேயே தெரியும். தட்டு எடுத்து வைத்தாகிவிட்டது, சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். கதவை இன்னும் தாழிடவில்லை. நீ சொல்லாமலே வா. ஆனால் என்னிடம் இருப்பது உனக்கு முன்பல் விழுந்தபோது எடுத்த படம். வருகிறவன் நீதான் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? புதுப் போட்டோ ஒன்று தபாலில் போடு.